காயத்தின் விலையும் கள்ளக் கணக்கும்

செஞ்சி என்றவுடன் தமிழ் மக்களின் மனக்கண் முன் வந்து நிற்பவன் தேசிங்குராஜன். ஆர்க்காட்டு நவாபின் பெருஞ்சேனையை ஒரு சிறு படையுடன் எதிர்த்து 1714-ஆம் வருஷம் போர்க்களத்தில் மாண்ட அந்த இளைஞனின் கதையைக் கூத்தாகவும் பாட்டாகவும் கேட்டு வளர்ந்தவர் நம்மில் பலர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்கும் மதில்களின் பெருமை இப்போது கடல் கடந்தும் சென்றிருக்கிறது. மராட்டியர் ஆட்சியோடு சம்பந்தப்பட்ட பன்னிரண்டு கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றில் தமிழ்நாட்டுக்குரியது செஞ்சி ஒன்றே.

அரசர்களின் பெயர் நமக்குத் தெரியும். அந்தக் குன்றுகளின் மேல் கல்லேற்றியவர்களின் பெயர் தெரியாது. கயிறு அறுந்தும் கல் உருண்டும் எத்தனை பேர் மடிந்தார்களோ, அவர்களுடைய மனைவி மக்களின் கதி என்ன ஆயிற்றோ, யாரும் எழுதி வைக்கவில்லை. போரில் மாண்ட வீரனின் விஷயம் வேறு. அவனுடைய குடும்பத்தாருக்கு நிலம் விடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. உதிரப்பட்டி என்று கல்வெட்டுக்கள் அதைக் கூறுகின்றன. சிந்திய இரத்தத்துக்கு ஈடாகக் கொடுத்த நிலம் என்பது பொருள். பின்னால் யாரும் இல்லையென்று மறுக்கக் கூடாது என்பதற்காகவே நம் முன்னோர் அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

வாளேந்தியவனுக்கு இருந்த இந்த நியாயம் மண்வெட்டி ஏந்தியவனுக்கு வந்து சேர வெகு காலம் பிடித்தது. வந்த பிறகோ, அதைச் சுற்றி இரு பக்கத்திலும் பொய் வளர்ந்துவிட்டது. பொய்யைக் கண்டுபிடிக்கும் விசாரணை எப்படி நடக்கிறது, அந்த விசாரணையில் உண்மையான ஏழை எப்படி அகப்பட்டுக் கொள்கிறான், அவனைக் காப்பாற்றும் வழி என்ன என்பவற்றை இக் கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

சட்டம் வந்த கதை

பழைய நாளில், வேலை செய்யுமிடத்தில் கையிழந்த தொழிலாளி நஷ்டஈடு கேட்க வேண்டுமானால், முதலாளியின் கவனக்குறைவால்தான் கை போயிற்று என்று கோர்ட்டில் ருசுப்படுத்த வேண்டும். கூலிக்காரன் வக்கீல் வைத்து அதை நிரூபிப்பது நடக்கிற காரியமா? 1884-இல் ஜெர்மனியும் 1897-இல் பிரிட்டனும் இந்த முறையை மாற்றின. குற்றம் யாருடையது என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. வேலையினாலும், வேலையின்போதும் காயம் பட்டதா என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

இந்தியாவில் தொழிலாளர் விழிப்படைந்த காலமும் அதுவே. 1918-இல் சென்னையில் வாடியா அவர்களும் திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அவர்களும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். அதே வருஷம் ஆமதாபாத் ஆலைத் தொழிலாளருக்காக மகாத்மா உண்ணாவிரதம் இருந்தார். ஐந்து வருஷம் கழித்து, 1923-இல், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டு 1924 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் பல திருத்தங்களோடு அது நடைபெற்றது. பிறகு 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இது அடங்கிற்று. அத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. பெயர் மாறினாலும் அடிப்படை விதிகள் பெரும்பாலும் பழையவையே. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதாயின் கணக்கில் சேரும் என்பது புதிய சட்டத்தின் முக்கியமான விசேஷம்.

பெரிய ஆலைகளில் வேலை செய்வோரில் பலருக்கு 1948-ஆம் வருஷச் சட்டத்தின் வழியே வந்த ஈ.எஸ்.ஐ. திட்டம் இருக்கிறது. செஞ்சி போன்ற ஊரில் கூலிக்குப் போகிறவர்களில் அநேகருக்கு அந்த நிழல் கிடையாது. இப்பக்கத்தார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையும் நெல்லும் வண்டி வண்டியாக ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வருகின்றன. மூட்டை தூக்குகிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர், கல்லுடைக்கிறவர், கிணற்றில் தூர் எடுக்கிறவர், சாரத்தின் மேல் நின்று பூசுகிற கொத்தனார், கீழிருந்து கலவை ஏற்றும் சித்தாள், இவர்களுக்கெல்லாம் விபத்து நேர்ந்தால் பெரும்பாலும் இந்த நஷ்டஈட்டு விதியே கதி.

ஒரு விரலுக்கு என்ன விலை?

இச் சட்டத்தின் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் மோசடி எங்கே நுழைகிறது என்பது விளங்கும்.

தொழிலாளி இறந்துபோனால், அவருடைய மாதக் கூலியில் பாதியை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். முழுதும் நிரந்தரமாகச் செயலற்றுப் போனால், கூலியில் நூற்றுக்கு அறுபது பங்கை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு உரிய எண் 207.98. நாற்பது வயதுக்கு 184.17. கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாதக் கூலியின் உச்ச வரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது.

அந்த வரம்பை வைத்துப் பார்ப்போம். முப்பது வயதுத் தொழிலாளி இறந்தால் 15,59,850 ரூபாய். அவரே நாற்பது வயதினராக இருந்தால் 13,81,275 ரூபாய். வயதைக் குறிக்கும் ஒரு காகிதத்தில் பத்து வருஷத்தைக் குறைத்தால் 1,78,575 ரூபாய் அதிகமாகிறது. மாறாக, 15,000 ரூபாய் வாங்கியவருக்கு 9,000 ரூபாய்தான் கொடுத்தோம் என்று முதலாளி எழுதிவிட்டால், முப்பது வயதினருடைய குடும்பத்துக்குக் கிடைப்பது 9,35,910 ரூபாய். ஒரு பேனாக் கோட்டில் 6,23,940 ரூபாய் மறைந்துபோகிறது!

காயங்களுக்கும் பட்டியல் உண்டு. கட்டை விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு போயிற்று என்று 1923-ஆம் வருஷச் சட்டத்தின் அட்டவணை சொன்னது. ஆள்காட்டி விரலுக்கு 14. பட்டியலில் இல்லாத காயமானால், எவ்வளவு சக்தி குறைந்தது என்பதைத் தகுதி பெற்ற டாக்டர் மதிப்பிட்டுக் கூற வேண்டும்.

ஆகவே நஷ்டஈடு என்பது நாலு விஷயங்களைப் பொறுத்தது. வேலையில்தான் அடிபட்டதா, வயது என்ன, கூலி என்ன, சேதம் எவ்வளவு என்பவை அவை. நாலும் காகிதத்தில் எழுதப்படுகிறவை. காகிதம் இருக்குமிடத்தில் கள்ளக் காகிதமும் இருக்கும்.

பொய்க் கோரிக்கையின் வகைகள்

முதல் வகை, எங்கோ பட்ட அடியை வேலையில் பட்டதாக மாற்றுவது. ஊரில் கல்யாணம், சரக்கு லாரியில் இருபது பேர் ஏறிப் போகிறார்கள், வழியில் வண்டி கவிழ்கிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் சென்றவருக்கு இன்ஷியூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்காது. வண்டியில் வேலை செய்த டிரைவருக்கும் கிளீனருக்கும் சுமை தூக்குகிறவருக்கும் பொறுப்பேற்கக்கூடும். உடனே கல்யாணத்துக்குப் போன மாமா சுமை தூக்குகிறவராகிவிடுகிறார்! மைத்துனர் கிளீனராகிவிடுகிறார்! வண்டிச் சொந்தக்காரரும், "ஆம், என்னிடம்தான் வேலை பார்த்தார்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். பணம் தம் பையிலிருந்து போகாது என்னும்போது தாராளம் சுலபமாக வந்துவிடுகிறது. நம் நாட்டு உயர் நீதிமன்றங்களுக்கு அடிக்கடி வரும் வழக்குகளில் இது ஒரு வகை.

இரண்டாவது வகை, பட்ட அடி மெய். அதன் அளவு பொய். ஆறிப்போன எலும்பு முறிவுக்கு, நூற்றுக்கு ஐம்பது சக்தி போய்விட்டது என்று சர்ட்டிபிகேட் வாங்குவது. சிகிச்சையே செய்யாத டாக்டர், கேட்டவுடன் எழுதித் தரும் இத்தகைய சர்ட்டிபிகேட்டுகளை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்று 2010-இல் ஒரு மோட்டார் விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றமே கீழ் மன்றங்களுக்கு அறிவுறுத்தியது.

மூன்றாவது வகை, வயதையும் கூலியையும் திருத்துவது. நான்காவது, ஒரே காயத்துக்கு இரண்டு இடத்தில் பணம் கேட்பது. மோட்டார் விபத்தில் வேலையாள் அடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தொழிலாளர் நஷ்டஈட்டு விதியின் கீழும் கேட்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றுதான், இரண்டும் இல்லை. ஐந்தாவது, இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர் என்று சொல்லிச் சம்பந்தமில்லாதவர் முன்வருவது அல்லது சம்பந்தமுள்ளவரை மறைப்பது.

இவை தனி மனிதரின் சபலம் என்று விட்டுவிடலாம். அதுவே தொழிலாக மாறினால்? உத்தரப் பிரதேசத்தில் அப்படி மாறியது. மோட்டார் விபத்து மன்றங்களிலும் தொழிலாளர் நஷ்டஈட்டு மன்றங்களிலும் பொய்க் கோரிக்கைகள் குவிவதைக் கண்ட அலகாபாத் உயர் நீதிமன்றம், 2015 அக்டோபர் 7-ஆம் தேதி, தனி விசாரணைக் குழு ஒன்றை அமைக்கும்படி உத்தரவிட்டது. 2021-இல் இவ்விஷயம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, சந்தேகத்துக்குரியவை என்று குழுவிடம் வந்த கோரிக்கைகள் 1,376. விசாரணை முடிந்தவை 246. குற்றத்தில் சம்பந்தப்பட்டவர்களாகக் காணப்பட்டவர்கள் 166 பேர். அந்த 166 பேர் யார்? கோரிக்கை போட்டவர்கள் மட்டுமல்ல. வக்கீல்கள், போலீஸார், டாக்டர்கள், இன்ஷியூரன்ஸ் கம்பெனி ஊழியர்கள், வண்டிச் சொந்தக்காரர்கள், டிரைவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

இதை வாசகர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். படிக்காத கூலிக்காரன் தனியாக இருந்து இத்தகைய மோசடியைச் செய்ய முடியாது. ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸ் ரிப்போர்ட்டு, மனு, சாட்சி இத்தனையும் ஒன்றோடொன்று பொருந்தப் பொய் எழுதுவதற்குப் படிப்பு வேண்டும். அப் படிப்பு நம்மைப் போன்ற குடும்பங்களிலிருந்து போகிற படிப்பே அல்லவா?

மறுபக்கத்துப் பொய்

தொழிலாளி பொய் சொல்வான் என்ற சந்தேகம் சட்டம் பிறந்த நாளிலிருந்தே கூடப் பிறந்தது. பிரிட்டனில் சட்டம் வந்து பதினாறு வருஷத்துக்குள், 1913-இல், ஸர் ஜான் கோலி என்ற டாக்டர் நோயாளியைப் போல் நடிப்பவர்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். முதலாளியின் பொய்யைக் கண்டுபிடிக்க அவ்வளவு பெரிய புத்தகம் யாரும் எழுதியதாக நாம் அறியோம். அந்தப் பொய்யோ சந்தடியில்லாதது; எழுதாமல் விடுவதிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுவது.

ஆஜர்ப் பட்டியலில் பெயர் எழுதாமல் விட்டால், "இவன் எங்கள் ஆளே அல்ல" என்று சொல்லிவிடலாம். எழுதினாலும் கூலியைக் குறைத்து எழுதலாம். மேஸ்திரியைக் காட்டி, "அவரைக் கேளுங்கள்" என்று தட்டிக்கழிக்கலாம். இறந்தவனின் மனைவியை வரவழைத்து, ஐம்பதாயிரம் ரூபாயைக் கையில் வைத்து, வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொள்ளலாம்.

1968-இல் ஒரிசாவிலுள்ள ஜெய்ப்பூரில், ஒரு சினிமாக் கொட்டகையின் அலங்கார வேலையில் இருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். கொட்டகைக்காரர் பணம் கொடுக்கவில்லை. இவர் வேலையாளே அல்ல, தாமே ஏதோ ஒப்பந்தம் எடுத்துச் செய்தவர் என்றும், அவருடைய கவனக்குறைவால்தான் விபத்து நேர்ந்தது என்றும் வாதாடினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1975 டிசம்பரில், இவை பொய் வாதங்கள் என்று கண்டித்து, தொழிலாளிக்குச் சாதகமாக நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். தச்சு வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை போனால் தச்சருக்கு முழுச் சக்தியும் போனதாகவே அர்த்தம் என்றார்கள். நஷ்டஈடு விபத்து நேர்ந்த தினத்திலிருந்தே கடனாகிவிடுகிறது, தீர்ப்பு நாளிலிருந்து அல்ல என்றும் ஸ்தாபித்தார்கள். விழுந்த நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் இடையே ஏழு வருஷம்! பொய்யை நீதிமன்றம் முறியடித்தது வாஸ்தவம். ஆனால் ஏழு வருஷம் ஒரு கையோடு குடும்பம் நடத்தியவர் தச்சரே.

ஆஸ்பத்திரி வாசலில் சொல்லும் முதல் சொல்

இந்த இரண்டு பொய்யும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. அதுதான் நமது கட்டுரையின் மையம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். செஞ்சியில் ஒரு மாடி வீட்டு வேலை. சாரம் முறிந்து கொத்தனார் விழுகிறார். மேஸ்திரி அவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். ஓடும்போதே சொல்கிறார்: "தம்பி, டாக்டர் கேட்டா வீட்டிலே படியிலே வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு. வேலையிலேன்னா போலீஸு வரும், எல்லாருக்கும் அலைச்சல். செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்." வலியில் துடிக்கிற கொத்தனாருக்கு மேஸ்திரி எதிரியல்ல. ஒரே ஊர், நாளைக்கும் வேலை கொடுக்க வேண்டியவர். "சரிண்ணே" என்கிறார். டாக்டர் விபத்துப் பதிவேட்டில் "வீட்டில் வழுக்கி விழுந்தது" என்று எழுதிக்கொள்கிறார்.

முதல் மாதம் மேஸ்திரி மருந்துக்குப் பணம் கொடுக்கிறார். இரண்டாவது மாதம் பாதி. மூன்றாவது மாதம் டெலிபோனை எடுப்பதில்லை. இடுப்பு எலும்பு சரியாகக் கூடவில்லை. இனிச் சாரம் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அப்போதுதான் யாரோ சொல்லிக் கொத்தனார் நஷ்டஈட்டு மனுப் போடுகிறார். எதிர் வக்கீல் எழுந்து, ஆஸ்பத்திரிப் பதிவேட்டை விரிக்கிறார். "உன் வாயால் நீயே வீட்டில் விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறாயே! இப்போது பணத்துக்காக மாற்றிப் பேசுகிறாய் அல்லவா?" என்கிறார்.

கொத்தனார் என்ன சொல்வார்? அவர் விழுந்தது மெய். வேலையில் விழுந்தது மெய். கால் போனது மெய். ஆயினும் மோசடிக்காரனின் எல்லா லட்சணமும் அவரிடம் வந்து சேர்ந்துவிட்டன. முதலில் ஒன்று சொன்னார், பிறகு வேறு சொல்கிறார். மூன்று மாதம் தாமதம் செய்தார். வேலைக்குச் சாட்சியம் இல்லை. உத்தரப் பிரதேசத்துக் கள்ள மனுக்கள் எத்தகைய அடையாளங்களால் பிடிபடுமோ, அவற்றை ஒத்த அடையாளங்களே இந்த நல்ல மனிதர்மீதும் விழுகின்றன. கள்ளன் போட்ட பொய் மனுவால் எழுந்த சந்தேகத்தின் அபராதத்தை, மேஸ்திரிக்காகச் சொன்ன ஒரு சொல்லுக்காக ஏழை கட்டுகிறார்.

ஆகையால் பொய்க் கோரிக்கை போடுகிறவன் இன்ஷியூரன்ஸ் கம்பெனியை மட்டும் ஏமாற்றுகிறான் என்று எண்ணுவது தவறு. தனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் உண்மையான முடவனின் கைத்தடியையும் அவன் திருடுகிறான்.

விசாரணை செய்கிறவர் பார்ப்பது என்ன?

நல்ல விசாரணை என்பது மனிதன் நொண்டுகிறானா என்று ஒளிந்திருந்து பார்ப்பது அல்ல. காகிதங்களின் தேதியை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதே முதல் வேலை. விபத்து எந்த மணிக்கு? ஆஸ்பத்திரியில் முதல் பதிவு எந்த மணிக்கு? போலீஸுக்குத் தகவல் எப்போது போயிற்று? இடையே நாட்கள் கழிந்திருந்தால் காரணம் என்ன?

அடுத்தது, வேலையின் தடயம். ஆஜர்ப் பட்டியல், கூலிச் சீட்டு, மேஸ்திரியின் கணக்கு நோட்டு, இந்நாளில் டெலிபோன் மூலம் அனுப்பிய கூலிப் பணத்தின் பதிவு ஆகியவை. அதற்கடுத்தது, காயத்தின் தன்மை. உயரத்திலிருந்து விழுந்தவனுக்கும் சாலையில் வண்டி மோதியவனுக்கும் அடி ஒரே மாதிரி இருக்காது. கடைசியாக, திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். பல மனுக்களில் ஒரே சாட்சி, ஒரே டாக்டர், ஒரே வாசகம் வந்தால், சந்தேகிக்க வேண்டியது தொழிலாளியை அல்ல. அவருக்குப் பின்னால் நின்று மனு எழுதுகிறவரை.

சட்டமும் விசாரணைக்கு இடம் கொடுத்தே இருந்தது. விபத்துச் செய்தி கிடைத்த மூன்று நாளைக்குள் முதலாளி தம் செலவில் டாக்டரைக் கொண்டு பரிசோதிக்கலாம் என்றும், காரணமின்றித் தொழிலாளி அதை மறுத்தால் அவருடைய உரிமை நின்றுவிடும் என்றும் 1923-ஆம் வருஷச் சட்டம் கூறியது. மோசடியால் பெற்ற தீர்ப்பைப் பின்னால் திறந்து பார்க்கலாம் என்று 2000-ஆம் வருஷத்தில், ஒரு மோட்டார் விபத்து வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. நீதிமன்றத்தில் தெரிந்தே பொய்க் கோரிக்கை போடுவது இரண்டு வருஷம் வரை சிறைக்குரிய குற்றம்.

முதலாளியின் பொய்க்கும் வேலி உண்டு. மரணம் நேர்ந்தால் நஷ்டஈட்டை அதிகாரியிடமே கட்ட வேண்டும். குடும்பத்தார் கையில் கொடுத்துக் கைநாட்டு வாங்கியது நஷ்டஈடு கொடுத்ததாக ஆகாது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் பத்திரம் செல்லாது. ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் வட்டி உண்டு. தகுந்த காரணம் இல்லாவிட்டால் தொகையில் பாதி வரை அபராதமும் விழும். "குடித்திருந்தான்" என்ற சாக்கு, மரணத்திலும் முழு நிரந்தரச் செயலின்மையிலும் எடுபடாது.

நம் வீட்டுக் கடமை

"இதெல்லாம் ஆலை முதலாளிகளுக்கு, நமக்கென்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். வீடு கட்டுகிறவர் யார்? கிணறு தூர் எடுக்கிறவர் யார்? நிலத்துக்கு டிராக்டர் வைத்து உழுகிறவர் யார்? நேரடியாக ஆள் அமர்த்தினால் நாமே முதலாளி. அன்றாடத்துக்கு வந்த தற்காலிக ஆள் என்று சொல்லித் தப்புவதற்குப் பழைய சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது. 2000-ஆம் வருஷத்துத் திருத்தம் அதையும் நீக்கிவிட்டது.

ஆகவே சில எளிய காரியங்களைச் செய்வது நல்லது. வேலை தொடங்கும் அன்றே ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயரையும் வயதையும் ஊரையும் எழுதி வையுங்கள். தினமும் யார் வந்தார், என்ன கூலி என்பதைக் குறியுங்கள். அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். மேஸ்திரியிடம் வேலையை விட்டால், ஆட்களுக்கு இன்ஷியூரன்ஸ் செய்திருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். பிரீமியம் கட்டும் பணம் ஒரு மூட்டை சிமெண்டைப் போல வீட்டுச் செலவில் ஒன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த இடம், எந்த மணி, எப்படி விழுந்தார் என்பது பதிவேட்டில் சரியாக ஏறிற்றா என்று பாருங்கள். அன்றைக்கே எழுத்து மூலம் ஒரு தகவல் எழுதி வையுங்கள். விபத்தைப் பதிவதற்கென்றே வேலையிடத்தில் ஒரு புத்தகம் வைக்கும் விதியும், அதில் எழுதினாலே முறைப்படி அறிவித்ததாகும் என்ற விதியும் பழைய சட்டத்தில் இருந்தன. அந்த விதியின் உட்பொருளை நம் வீட்டு வாசலிலும் கடைப்பிடிக்கலாமே!

தொழிலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. இதை அவர்கள் படிக்காவிட்டாலும், படிக்கிற வீட்டார் எடுத்துச் சொல்ல வேண்டும். யாருக்காகவும் டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். மனுப் போட இரண்டு வருஷம் தவணை உண்டு, அதைத் தாண்டவிடாதீர்கள். வயதைக் குறைத்துக் காட்டினால் அதிகம் வரும் என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் ஒன்பது மெய்யும் பொய்யாகிவிடும்.

சுதந்திர நாட்டில் ஏழைக்குக் கொடுக்கும் நஷ்டஈடு பிச்சையல்ல. அவன் உழைப்பின் மேல் எழுதப்பட்ட கடன். கடனைக் கொடுக்க வேண்டியவர் மறைத்தாலும் குற்றம்; கடனில்லாதவர் கேட்டாலும் குற்றம். நம் முன்னோர் கல்லில் வெட்டி வைத்ததை நாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும். ஆனால் எழுதுவது விபத்து நேர்ந்த அன்றைக்கே இருக்க வேண்டும். எழுதுவது மெய்யாகவும் இருக்க வேண்டும்.